சக்கரம் சொன்னதும் வானம் சொன்னதும்



சென்ற திங்கள் நம் இல்லத்தில் ஒரு சிறு வழக்கு நிகழ்ந்தது. வாதி நாம், பிரதிவாதி நம் இளைய சகோதரரின் மகன். சாட்சி கூற வந்தவை இரண்டு கருவிகள். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. நாமோ அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டோம். அந்தக் கதையை ஒளியாமல் சொல்லிவிடுவதென்று துணிந்திருக்கிறோம். மிதிவண்டிப் பித்துக்கொண்ட பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருப்பதால், நம் அனுபவம் பிறருக்கும் பயன்படக்கூடும்.

அப்பிள்ளை கல்லூரிப் படிப்பின் பொருட்டுத் திருச்சியில் நம்முடன் தங்கியிருக்கிறான். நம் இளமையில் மிதிவண்டி என்பது பால்காரருக்கும் தபால்காரருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் உரிய வாகனம். இன்றைய இளைஞர்களோ விடியுமுன் தலைக்கவசம் அணிந்து, எங்கும் போகவேண்டிய அலுவல் இல்லாமலே ஐம்பது அறுபது கிலோமீட்டர் மிதித்துவிட்டுக் காலைச் சிற்றுண்டிக்குத் திரும்புகிறார்கள். இவர்களிடையே ‘பிரெவே’ என்றொரு பயணம் உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். பரிசு இல்லை, முதலிடம் இரண்டாமிடம் என்பதும் இல்லை. அதில் கலந்துகொள்ள நம் பிள்ளை அனுமதி வேண்டி நின்றான். “முதலில் ஒரே நாளில் 100 கிலோமீட்டர் உன் காலால் மிதித்துக் காட்டு. ஒரு மீட்டர் குறைந்தாலும் ஒப்பமாட்டோம்” என்றோம். அதற்கெனக் கைப்பிடியில் பொருத்தும் சிறு மீட்டர் ஒன்றை நாமே வாங்கி, நாமே பொருத்தி, அதிலே பதியவேண்டிய எண்களையும் நாமே பதிந்து கொடுத்தோம். கடைசியாகச் சொன்னதை வாசகர்கள் சற்றே நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை புறப்பட்டான். கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு. மீண்டும் அதே வழி. மாலையில் வியர்வையும் புழுதியுமாக வந்து நின்றவன் முகத்தில் மகிழ்ச்சி ததும்பிற்று. கைப்பேசியை நீட்டினான். 101.1 கிலோமீட்டர் என்றிருந்தது. நாம் திண்ணையிலிருந்து இறங்கிப் போய் மீட்டரைப் பார்த்தோம். அது 97.6 என்றது.

இந்த இடத்தில்தான் நம் புத்தி ஒரு கணக்குப் போட்டது. கைப்பேசி சட்டைப் பையில் இருப்பது. பிள்ளை எதில் ஏறிப் போனாலும் அது தூரத்தைக் கூட்டிக்கொண்டேயிருக்கும். மீட்டரோ சக்கரம் சுழன்றால் மட்டுமே கூட்டும். ஆகவே கைப்பேசி நகர்ந்தும் சக்கரம் சுழலாத தூரம் மூன்றரை கிலோமீட்டர். அப்படியானால், களைத்துப்போன நேரத்தில் யாரோ ஒருவருடைய குட்டியானை வண்டியில் மிதிவண்டியை ஏற்றிக்கொண்டு மூன்றரை கிலோமீட்டர் வந்திருக்கிறான்! ஐயத்துக்கு இடமே இல்லை என்று எண்ணினோம். எண்ணியதோடு நில்லாமல் சொல்லியும் விட்டோம்.

“பெரியப்பா, முழுக்க மிதிச்சுத்தான் வந்தேன்” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. வண்டியை உள்ளே நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனான். அன்றிரவு உணவில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்து போய்விட்டான். “கள்ளன் பிடிபட்டால் இப்படியா இருப்பான்? நீங்கள் எதையோ சரியாகப் பார்க்கவில்லை” என்றாள் நம் இல்லத்தாள். கணக்கு தெரியாதவள் பேசுகிறாள் என்று நாம் அதைத் தள்ளிவிட்டோம்.

மறுநாள் காலை, நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் வந்திருந்தார். நம் கணக்கைப் பெருமையோடு விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இரண்டு கருவியும் எப்படி அளக்கிறது என்று உமக்குத் தெரியுமா?” என்றார். தெரியும் என்று நினைத்திருந்தோம், தெரியவில்லை. அவர் அன்று சொன்னதையும், பின்னர் நாம் தேடி அறிந்ததையும் சேர்த்துத் தருகிறோம்.

மிதிவண்டி மீட்டர் தூரத்தை அளப்பதே இல்லை. அது எண்ண மட்டுமே அறியும். முன்சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பி ஒன்றில் சிறு காந்தத் துண்டு இருக்கிறது. அது ஃபோர்க்கில் உள்ள உணர்கருவியைக் கடக்குந்தோறும் ஒரு சுற்று என்று கணக்காகிறது. அச்சுற்றுகளை, நாம் பதிந்துவைத்த சக்கரச் சுற்றளவால் பெருக்கித் திரையில் காட்டுகிறது. அமெரிக்காவில் கர்ட்டிஸ் வீடர் என்பவர் 1895-ஆம் ஆண்டிலேயே இவ்வேலையைச் செய்யும் சிறு பொறியைச் செய்து விற்றார். அதில் காந்தமும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரு முளை பல்சக்கரத்தைத் தட்டித் தட்டி எண்ணும். தத்துவம் அன்றும் இன்றும் ஒன்றே. சுற்றுகளின் எண்ணிக்கையில் பிழை வருவது அரிது. ஆனால் பதிந்த சுற்றளவு பிழையாயிருந்தால், மீட்டர் முதல் மீட்டரிலிருந்து கடைசி மீட்டர்வரை ஒரே விகிதத்தில் பிழையாகவே சொல்லிக்கொண்டு போகும்.

கைப்பேசியின் வழி முற்றிலும் வேறு. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. அவை இடைவிடாது நேரத்தை அறிவிக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பு வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்பதிலிருந்து கைப்பேசி தான் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. அறிவிப்பு ஒளியின் வேகத்தில் வருவதால், ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் பிசகிவிடும். இவ்வளவு நுட்பமான செயல் ஒரு சட்டைப் பைக்குள் நடைபெறுவது வியப்பே. 2000-ஆம் ஆண்டு மே மாதம்வரை, பொதுமக்களுக்கான அறிவிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அக்காலத்தில் நூறு மீட்டர்வரை இடம் தவறும். அத்தடை நீங்கிய பின், திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசி சுமார் ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

ஐந்து மீட்டர் பிழை என்றால் அற்பந்தானே என்று தோன்றும். ஒருவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அறிய அது அற்பமே. ஆனால் தூரத்தைக் கூட்டும்போது கதை வேறு. கைப்பேசி ஒவ்வொரு நொடியிலோ சில நொடிக்கு ஒருமுறையோ ஒரு புள்ளி வைக்கிறது. பின்னர் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்து நீளத்தைக் கூட்டுகிறது. நேரான சாலையில் புள்ளிகள் இப்புறமும் அப்புறமும் சிதறி விழுந்தால், நேர்கோடு வளைந்து நெளிந்து உள்ளதைவிட நீண்டுவிடுகிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் போன்ற பாதையில் இதற்கு மாறாக நடக்கிறது. புள்ளிகள் இடைவெளிவிட்டு விழுந்தால் கோடு வளைவைக் குறுக்கே வெட்டிவிடும், தூரம் சுருங்கும். அடர்ந்த மரநிழலும் உயர்ந்த கட்டடங்களும் செயற்கைக்கோளின் அறிவிப்பைத் தடுத்தோ, எதிரொலியாகத் திருப்பியோ குழப்பம் விளைவிக்கின்றன. நம் அண்டைவீட்டு இளைஞரின் கைப்பேசி, அவர் ஒரு மேம்பாலத்தின் அடியில் மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்ததாகப் பதிந்து வைத்திருக்கிறது. அவரும் அதை அழிக்க மனமின்றிப் பாதுகாத்து வருகிறார்!

மின்கலம் தீராதிருக்க வேண்டிக் கைப்பேசி தானாகவே பதிவை இடையில் நிறுத்திவிடுவதும் உண்டு. பிறகு விழித்துக்கொண்டு, விட்ட இடத்துக்கும் தொட்ட இடத்துக்கும் வயல்களின் மேலாக ஒரு நேர்கோடு இழுத்துவிடும். இவற்றையெல்லாம்விட விசித்திரமானது, அசையாமல் நிற்கும்போது நடப்பது. தேநீர்க் கடையில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்போம். புள்ளிகளோ கடையைச் சுற்றி அலைந்துகொண்டேயிருக்கும். நின்றால் பதிவையும் நிறுத்தும் ஏற்பாட்டை முடுக்கி வைக்காவிட்டால், உட்கார்ந்தபடியே சில நூறு மீட்டர் போய்விடலாம்.

மேடு பள்ளங்களால் தூரம் மாறுமே என்று சிலர் வினவுவர். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் கடுஞ்சரிவிலேகூட அவ்வேறுபாடு அரை விழுக்காடுதான். காவிரிக் கரையில் அதனை மறந்துவிடலாம்.

இவ்வளவும் கேட்டபின், “அப்படியானால் மீட்டரே மேல், நம் தீர்ப்பு சரிதானே?” என்றோம். நண்பர் புன்னகைத்தார். “அவசரம் வேண்டாம். மூன்றரை கிலோமீட்டரும் ஒரே இடத்தில் காணாமற் போயிற்றா, வழிநெடுகச் சிறுகச் சிறுகக் குறைந்ததா? அதைப் பாரும். வண்டியில் ஏற்றியிருந்தால் ஓரிடத்தில் தாவியிருக்கும்” என்றார்.

பிள்ளையை அழைத்தோம். நல்லவேளையாக, அவன் ஒவ்வோர் ஊரிலும் நின்று மீட்டரைப் படமெடுத்து வைத்திருந்தான். கல்லணையில் மீட்டர் 19.5, அதே வேளையில் கைப்பேசிப் பதிவு 20.0. திருக்காட்டுப்பள்ளியில் 32.2-க்கு 33.2. திருவையாற்றில் 48.8-க்கு 50.3. வேறுபாடு அரை, ஒன்று, ஒன்றரை எனப் படிப்படியாக ஏறியிருந்தது. எங்கும் தாவல் இல்லை. மீட்டர் தொடக்கத்திலிருந்தே குறைத்துச் சொல்லியிருக்கிறது!

நண்பர் எழுந்துபோய் வண்டியின் அருகே குனிந்தார். டயரின் பக்கவாட்டில் 700 × 32 என்று அச்சிட்டிருந்தது. மீட்டரில் என்ன எண் பதிந்தீர் என்று கேட்டார். பெட்டியில் வந்த தாளை எடுத்துவந்தோம். பொடி எழுத்தில் ஒரு பட்டியல். அதில் 700 × 23 என்ற வரிக்கு நேரே 2096 மில்லிமீட்டர் என்றிருந்தது. நாம் பதிந்தது அதுவே. மூக்குக்கண்ணாடி இல்லாமல், டயரையும் பாராமல், கண்ணில் முதலில் பட்ட எண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறோம். 700 × 32-க்கு நேரே 2155 என்றிருந்தது.

“அந்தப் பட்டியலையும் முழுதாக நம்ப வேண்டாம்” என்று கூறி, நண்பர் தம் வீட்டிலிருந்து எஃகு அளவுநாடாவை வரவழைத்தார். தெருவில் நேரான இடம் பார்த்துச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. டயரின் காற்று வால்வு தரைக்கு நேராக நிற்கும்படி முன்சக்கரத்தைக் கோட்டின்மேல் நிறுத்தினோம். சக்கரம் பத்துச் சுற்று சுழலும்வரை நேராகத் தள்ளிச் சென்று, வால்வு மறுபடி கீழே வந்த இடத்தில் மற்றொரு கோடு. நாடா 21.63 மீட்டர் காட்டிற்று. “இப்போது பிள்ளை ஏறி உட்காரட்டும்” என்றார். அவன் ஏறி மெல்ல மிதித்தான். அதே பத்துச் சுற்றுக்கு 21.51 மீட்டர். ஆளின் பாரத்தில் டயர் சற்றே அமுங்குவதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைகிறது! ஆகவே பதியவேண்டிய எண் 2151. வீட்டில் மிதிவண்டி மீட்டர் வைத்திருப்போர் அனைவரும் இதைச் செய்து பார்க்கலாம்; அரைமணி நேரமும் ஓர் அளவுநாடாவும் போதும். டயரில் வழக்கமாக அடிக்கும் அளவுக்குக் காற்று அடித்துக்கொள்வதும், ஓட்டுபவரே ஏறி அமர்வதும் முக்கியம். தேசிய நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களை வைத்துச் சரிபார்க்கலாமே என்றோம். சாலையை அகலப்படுத்தியபோதும் புறவழி அமைத்தபோதும் கற்கள் எங்கெங்கு நகர்ந்தன என்று தமக்குத் தெரியுமென்று சொல்லி நண்பர் சிரித்தார்.

அளவு என்றால் அவருக்குப் பேச்சு நீளும். 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நேர்கோடு ஒன்றை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதற்கு 57 நாட்கள் பிடித்தன. வெயிலில் சங்கிலி நீளுமென்று வெப்பமானி வைத்துத் திருத்தம் செய்தாராம். இந்திய நாடு முழுவதையும் அளந்த பெரும்பணி அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கியது. “ஏழரை மைலுக்கு 57 நாள்! நீர் 57 நொடிகூடச் செலவிடவில்லை” என்று நம்மைக் குத்தவும் அவர் மறக்கவில்லை.

செயற்கைக்கோள் இத்தனை இருந்தும், ஒரு மீட்டர்கூடப் பிசகக்கூடாத இடத்தில் உலகம் இன்றும் எதை நம்புகிறது தெரியுமா? மிதிவண்டிச் சக்கரத்தைத்தான். 42.195 கிலோமீட்டர் மாரத்தான் பாதைகளை அளக்க உலகத் தடகள அமைப்பு ஏற்கும் முறை அதுவே. 1971-இல் ஆலன் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் இதற்கென ஓர் எண்ணுபொறியை உருவாக்கினார். தொடக்கத்தில் அதைச் செய்து விற்றவர் அவருடைய மகன். முன்சக்கரத்தின் அச்சில் பொருந்தும் அது, சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் இருபது முறையோ அதற்கு மேலோ எண்ணிவிடும். அளப்பவர் முதலில், எஃகு நாடாவால் அளந்த, 300 மீட்டருக்குக் குறையாத நேர்வழியில் நான்கு முறை ஓட்டிச் சக்கரத்தைச் சோதிக்க வேண்டும். பாதையை அளந்து முடித்தபின் மறுபடியும் நான்கு முறை ஓட்டவேண்டும். வெயில் ஏற ஏற டயரின் காற்று விரிந்து சுற்றளவு மாறிவிடும் அன்றோ? வளைவுகளில் ஓரக்கட்டையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடுபவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே அளக்க வேண்டும். இத்தனைக்கும் மேலாக, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டிப் பாதையை அமைக்கிறார்கள்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்கு நியூயார்க் நகரில் நடந்ததே சான்று. 1981 அக்டோபரில் அந்நகர மாரத்தானில் ஆல்பெர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 நொடியில் ஓடி முடித்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக நிலைத்திருந்த உலகச் சாதனை முறிந்ததென்று எங்கும் ஆரவாரம். பின்னர் பாதையை மறுபடி அளந்தபோது சுமார் 148 மீட்டர் குறைந்திருந்தது. அவர் ஓடிய வேகத்துக்கு அது 27 நொடி. சாதனை அவர் கையைவிட்டுப் போயிற்று. ஓடியவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. தமக்கு வகுத்துக் கொடுத்த பாதையில் தம் முழு வலிமையோடு ஓடினார், அவ்வளவே. இதனை நண்பர் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாம் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூசினோம்.

பின்னர் உட்கார்ந்து கணக்கைத் திருத்தினோம். 97.6 கிலோமீட்டரைப் புதிய சுற்றளவுக்கு மாற்றினால் 100.16 வருகிறது. நூறுக்கு மேல் 160 மீட்டர்! கைப்பேசி சொன்ன 101.1-உம் மெய்யன்று. திரும்பும் வழியில் திருக்காட்டுப்பள்ளித் தேநீர்க் கடையில் தூறலுக்கு ஒதுங்கி இருபத்தைந்து நிமிடம் நின்றிருக்கிறான். அங்கே மட்டும் பதிவு 400 மீட்டர் கூடியிருந்தது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கடையின் மேல் ஒரு நூற்கண்டு சிக்கிக் கிடப்பது போலிருந்தது. எஞ்சியது கரையோரத்து மரங்களின் திருவிளையாடலாக இருக்கலாம்.

“நாடாவில் ஒரு சென்டிமீட்டர் பிழைத்திருந்தாலும் 100 கிலோமீட்டருக்கு 47 மீட்டர்தான். 160 மீட்டரை அது விழுங்காது” என்றார் நண்பர். சற்று யோசித்து, “ஆனால் அன்றைக்கு டயரில் காற்று எவ்வளவு இருந்தது?” என்று தொடங்கினார். “போதும் ஐயா” என்று கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினோம்.

பிள்ளையிடம், “தவறு எம்முடையது தம்பி. உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றோம். நாற்பது ஆண்டுகளாகப் பிறர் கணக்கைத் திருத்திப் பிழைத்த நமக்கு அவ்விரு வாக்கியமும் எளிதில் வெளிவரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, “பரவாயில்லைங்க பெரியப்பா. போன்ல நூத்தியொண்ணு காட்டினதாலதான் நேரா வீட்டுக்கு வந்துட்டேன். இவ்வளவு ஒட்டி நிக்குதுன்னு தெரிஞ்சிருந்தா நம்ம தெருவையே ரெண்டு சுத்து சுத்திட்டு வந்திருப்பேன்” என்றான். பிறகு, 200 கிலோமீட்டர்ப் பயணத்தில் யாருடைய மீட்டரையும் யாரும் பார்ப்பதில்லை என்றும், குறித்த இடங்களில் குறித்த நேரத்துக்குள் வந்தமைக்கு அட்டையில் பதிவு பெறுவதே வழக்கம் என்றும் விளக்கினான். இதை முன்னரே சொல்லியிருக்கலாமே என்றோம். “நீங்க கேக்கலையே” என்றான்.

அனுமதிக் கடிதத்தில் அன்றே கையொப்பமிட்டுக் கொடுத்தோம். மீட்டரில் 2151 என்று புதிதாகப் பதிந்தாயிற்று. அவ்வெண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி வண்டியின் சட்டத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறோம். எழுத்து நம்முடையதன்று. “நீங்கள் எழுதவே வேண்டாம்” என்று சொல்லி நம் இல்லத்தாளே வாங்கி எழுதினாள். எழுதுமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, டயரின் பக்கவாட்டையும் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டாள்.